இசையும் வழிச்செலவும்

இசையின் பெருமையை எடுத்துரைப்போர் நம்மிடையே பலர். கல்லூரி இசைவிழாக்களிலும் தமிழ்மன்றங்களிலும் பேசப்புகுவோர், இசைக்கு உருகாத உள்ளமில்லை என்று தொடங்கி, ஆறலை கள்வர் தம் படைக்கலங்களை நழுவவிட்டதையும், மதங்கொண்ட யானை யாழோசைக்கு அடங்கி நின்றதையும் அடுக்கிச் சொல்லி, ஆதலின் இசை எவ்விடத்தும் எக்காலத்தும் நன்மையே பயக்கும் என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவர் காட்டுஞ் சான்றுகள் நம் இலக்கியங்களில் உள்ளவையே. ஆயின், அச்சான்றுகளிலிருந்து அம்முடிபு பெறப்படுமா என்று வினவுவார் அரியர். இசை மனநிலையை மாற்றும் என்பது ஒரு கூற்று. அம்மாற்றம் நாம் செய்யுந் தொழிலுக்குத் துணையாகும் என்பது வேறொரு கூற்று. முன்னதை ஒப்புக்கொண்ட அளவிலே பின்னதும் நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் தருக்கநூலார்க்கு ஒவ்வாது. இவ்விரு கூற்றுக்களுக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா என்னுள்ளத்தில் எழுந்தது நூலகத்திலன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் இரவுப் பேருந்தொன்றிலேயாம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவுள்ள அவ்வழியிலே, சாரதிக்குப் பின்னாலுள்ள இருக்கை எனக்குக் கிடைத்தது. மெல்லிய பாடல்களோடு தொடங்கிய பயணம், வவுனியாவைக் கடந்தபின் துள்ளிசைப் பாடல்களுக்கு மாறிற்று. சாரதியின் விரல்கள் சுக்கானின்மீது தாளமிட்டன. பாட்டு விரையும்போதெல்லாம் வண்டியும் விரைவதுபோல எனக்குத் தோன்றிற்று. அருகிலிருந்த மூதாட்டியார் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "தம்பி, பாட்டைக் கொஞ்சம் குறையுங்கோ, பயமாய்க் கிடக்குது" என்றார். சாரதி திரும்பாமலே, "ஆச்சி, பாட்டை நிப்பாட்டினால் எனக்கு நித்திரை வந்திடும்" என்றார். மூதாட்டியார் வாய்மூடிக்கொண்டார். வண்டியிலிருந்த வேறெவரும் ஒன்றுஞ் சொல்லவில்லை. இசையைப்பற்றி எத்தனையோ மேடைகளிற் பேசியவனாகிய எனக்கும் மறுமொழி தோன்றவில்லை. அன்று தோன்றாத மறுமொழியைத் தேடியதன் பயனே பின்வருவது.

முதற்கண் பண்டையோர் சான்றுகளையே நோக்குவாம். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையிலே, வழிப்பறி செய்யுங் கள்வர், பாலை யாழின் இசையைக் கேட்ட அளவில், கையிலுள்ள படைக்கலத்தைக் கைவிட்டுத் தம் இயல்பான கொடுமையினின்றும் நீங்குவர் என்று கூறப்படுகிறது. அகநானூற்றின் 102 ஆம் பாட்டிலே தினைப்புனக் காட்சியொன்று வருகின்றது. காவற்பரணிலே கானவன் மதுவுண்டு களித்துக் கிடக்கின்றான். அவன் மனைவி தன் கூந்தலைக் காற்றில் உலர்த்தியபடி குறிஞ்சிப்பண்ணைப் பாடுகின்றாள். தினையைக் கவரவந்த இளங்களிறு தினையை மறந்து, நின்ற இடத்திலேயே உறங்கிவிடுகிறது. மலைபடுகடாத்திலே, புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் நோவு தணியும்படி மலைநாட்டு மகளிர் பாடுகின்றனர்.

இம்மூன்று காட்சிகளையும் ஒருங்குவைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கள்வன் பாட்டைக் கேட்டபின் முன்னிலுந் திறமையாகக் களவு செய்தானல்லன். அவன் தொழில் அங்கே நின்றுபோயிற்று. யானை பாட்டைக் கேட்டுக்கொண்டே தினையை மேய்ந்ததன்று. மேய்தலை மறந்தது, உறங்கியும்போயிற்று. புண்பட்ட வீரனோ தொழிலொன்றுமின்றிப் படுக்கையிற் கிடப்பவன். ஆகவே, நம் முன்னோர் கண்ட இசையாற்றல், கேட்போனின் கவனத்தை முற்றாகத் தன்பாற் கவர்ந்துகொண்டு, அவன் செய்யுந் தொழிலை நிறுத்தும் ஆற்றலாகும். தொழில் தீயதாயின் அது நின்றமை நன்மையே. பரணிலே பாட்டுக் கேட்டு உறங்கிய யானையால் எவர்க்குந் தீங்கில்லை. ஆனால், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு இருளில் ஓடும் வண்டியின் சுக்கானைப் பிடித்திருப்பவனுக்கு அதே நிலை நேருமாயின் என் ஆகும்? மேடைப் பேச்சாளர் இசையின் புகழுக்குக் காட்டுஞ் சான்று, கூர்ந்து நோக்கின், வீதியிலே இசைக்கு எதிரான சான்றாய் நிற்கின்றது. இசைக்கு இத்துணை ஆற்றல் உண்டு என்று சொல்வோர், அஃது எத்தொழிலுக்கும் இடையூறு செய்யாது என்றும் உடன்சொல்லுதல் இயலாது.

இனி, இசை மனத்தில் எத்தகைய நிலையைப் பிறப்பிக்கின்றது என்பது அடுத்த வினா. குறிப்பிட்ட பண் குறிப்பிட்ட உணர்ச்சியைத் தரும் என்ற கொள்கை மிகப் பழையது. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ, தாம் வகுத்த இலட்சிய அரசிலே புலம்பற்குரிய லிடிய இசைமுறைகளை விலக்கி, வீரத்துக்கும் அடக்கத்துக்கும் உரியனவாகத் தாம் கருதிய டோரிய, பிரிஜிய முறைகளை மாத்திரம் நிறுத்திக்கொண்டார். நம்மவரும் தேவாரப் பண்களைப் பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என வகுத்தனர். முகாரி இரக்கத்துக்கும் நீலாம்பரி தாலாட்டுக்கும் உரியன என்றனர். இவ்வகுப்புக்களிலே நெடுங்காலப் பட்டறிவு அடங்கியிருக்கின்றது. எனினும், உணர்ச்சி முழுவதும் பண்ணிலேயே உறைகின்றது என்று கொள்வோர், இளங்கோவடிகளிடம் ஒருமுறை செல்லுதல் நன்று.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலே, கடலாடச் சென்ற இடத்தில் மாதவி யாழைத் திருத்திக் கோவலன் கையிற் கொடுக்கின்றாள். அவன் காவிரியையுங் கடற்கானலையும் பொருளாகக்கொண்டு பாடுகின்றான். அவள் அப்பாட்டிலே வேறொருத்திமேல் அவன் வைத்த விருப்பத்தைக் காண்கின்றாள். காண்பவள் தானும் யாழை வாங்கி, வேறொரு குறிப்புடையாள்போற் பாடுகின்றாள். அவனோ அதனை மெய்யென்றே கொண்டு, அவளைவிட்டு எழுந்துபோகின்றான். அவ்வெழுச்சி மதுரையின் கொலைக்களம்வரை அவனைக் கொண்டுசெல்கிறது. அக்கடற்கரையிலே பாடியவன் உள்ளத்தில் ஒன்று. கேட்டவள் உள்ளத்தில் வேறொன்று. இசை ஐயத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. முன்னரே அங்கிருந்த ஐயத்தை எடுத்து, அதற்கு வடிவும் வேகமும் கொடுத்தது. ஊழ்வினை யாழிசையை ஒரு வாயிலாகக் கொண்டது என்னுங் கருத்துப்பட அடிகள் கூறுவதன் நுட்பம் இதுவேயாம். கேட்போன் கொண்டுவரும் மனநிலை பாதி; பாட்டுத் தருவது பாதி. சினத்தோடு வண்டியேறுபவனுக்கும் மகிழ்ச்சியோடு ஏறுபவனுக்கும் ஒரே பாடல் ஒரே பயனைத் தருமென்று எதிர்பார்த்தல் தவறு.

மூன்றாவதாக, விரைவைப்பற்றி ஆராய்வாம். 'செலவு' என்னுஞ் சொல் பழந்தமிழில் வழிநடத்தலைக் குறிக்கும். யாழ் வாசிக்கும் முறைகளாகிய எட்டுக் கலைத்தொழில்களுள் ஒன்றுக்கும் அதுவே பெயர். 'நடை' என்பதும் 'கதி' என்பதும் அவ்வாறே காலின் இயக்கத்தையும் தாளத்தின் இயக்கத்தையும் ஒருங்கே சுட்டுகின்றன. இசை ஓர் இயக்கம் என்பதையும், அவ்வியக்கத்தோடு உடம்பு ஒத்தியங்க விரும்பும் என்பதையும் நம்மொழி முன்னரே அறிந்துவைத்திருக்கின்றது. ஆனால், ஒத்தியங்கும் இரண்டனுள் எது முன்செல்வது, எது பின்தொடர்வது?

கரைவலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாவை நினைத்துப் பாருங்கள். வடத்தைப் பற்றி இழுக்கும் உடம்பின் விசையிலிருந்தே அப்பாட்டின் தாளம் பிறக்கின்றது. வலை கனத்தால் பாட்டுந் தாழும். வலை இளகினால் பாட்டும் விரையும். உலக்கையோடு சேர்ந்த வள்ளைப்பாட்டும், ஏற்றப்பாட்டும் அத்தகையனவே. அங்கே தொழில் முதல்வன், பாட்டு ஏவலாள். இசை மனிதனின் அன்றாடத் தொழிலோடு பல்லாயிரம் ஆண்டுகள் ஒத்து வாழ்ந்தது இம்முறையினாலேயாம். அம்பா பாடும் மீனவனைச் சான்றாகக் காட்டி, வண்டியிலே ஒலிப்பதிவு கேட்கும் சாரதிக்கு வாதாடுவோர் உளர். அவர் மறந்தது ஒன்றுண்டு. சாரதியின் பாட்டு எங்கோ ஒரு கூடத்தில், வேறொருவர் குறித்த காலப்பிரமாணத்தில் என்றோ பதிவுசெய்யப்பட்டது. வளைவு வருகின்றதென்று அது தாழாது. மாடு குறுக்கிட்டதென்று அது நில்லாது. ஈண்டுப் பாட்டு முதல்வனாகித் தொழில் ஏவலாளாகும் அபாயம் உண்டு.

தொழிலிடத்துக்கு வெளியிலிருந்து இசையைக் கொண்டுவந்தோர் இவ்வபாயத்தை அறியாதவரல்லர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தொழிற்சாலைத் தொழிலாளர்க்கென ஓர் இசைநிகழ்ச்சியைத் தொடங்கிற்று. 1967 வரை அது நடைபெற்றது. தொழிலாளரின் சோர்வைப் போக்கி உற்பத்தியைப் பெருக்குவதே அதன் குறிக்கோள். அந்நிகழ்ச்சியிலிருந்து, கேட்போரைக் கைதட்டத் தூண்டும் அமெரிக்கப் பாடலொன்று விலக்கப்பட்டது. தொழிலாளர் கருவியைக் கைவிட்டுத் தாமுங் கைதட்டத் தொடங்குவர் என்று அஞ்சினர். பொருநராற்றுப்படைக் கள்வனின் கதையை அவர் அறிந்திருக்கமாட்டார். ஆயினும் அவர் அஞ்சியது அதே ஆற்றலையாம்.

அண்மைக்கால ஆராய்ச்சிகள் இவற்றிற்கு என்ன கூறுகின்றன என்று இனிக் காண்போம். 1993 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் மூவர் செய்த சோதனையொன்று உலகெங்கும் பேசப்பட்டது. மோட்சார்ட்டின் இரு பியானோவுக்குரிய இசையொன்றைப் பத்து நிமிடங் கேட்ட கல்லூரி மாணவர், இடவுருவம்பற்றிய வினாக்களுக்குச் சற்றுச் சிறப்பாக விடையிறுத்தனர் என்பதும், அப்பயன் கால்மணி நேரத்துக்குள் மறைந்தது என்பதுமே அதன் முடிபு. அதனைப் பலர் 'இசை அறிவை வளர்க்கும்' என்று பறைசாற்றினர். 1998 இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்குங் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்குதற்குப் பணம் ஒதுக்கவேண்டுமென்றார். பின்னர், 2001 இல் கனடாவில் நிகழ்ந்த ஆய்விலே தொம்சன், ஷெலன்பேர்க், ஹுசைன் ஆகியோர், மோட்சார்ட்டின் விரைந்த இசையையும் அல்பினோனியின் பெயரால் வழங்கும் துயர இசையையும் ஒப்பிட்டனர். கண்ட பயன் முழுவதும் கேட்போரின் கிளர்ச்சியும் மகிழ்ச்சியும் உயர்ந்தமையால் வந்ததே என்று அவர் காட்டினர். இசை அறிவைக் கூட்டவில்லை. சிறிதுநேரம் விழிப்பைக் கூட்டிற்று. ஒரு சிறிய உண்மை பெரிய புகழுரையாகி, பின் தன் அளவுக்குத் திரும்பிய வரலாறு இது. நம் மேடைப் பேச்சாளர்க்கு இதிலே பாடமுண்டு.

அங்காடிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் வேறொன்றை உணர்த்துகின்றன. 1982 இல் மில்லிமன் என்பார் வெளியிட்ட ஆய்வின்படி, பேரங்காடியொன்றில் மெல்ல நடக்கும் இசை ஒலித்தபோது வாங்குவோரின் நடையும் மெலிந்தது. விரைந்த இசை ஒலித்த நாட்களைவிட விற்பனை 38.2 சதவீதம் மிகுந்தது. 1997 இல் இங்கிலாந்தில் நோர்த், ஹார்கிரீவ்ஸ், மக்கென்றிக் ஆகியோர் செய்த சோதனையிலே, கடையொன்றில் ஒருநாள் பிரான்சிய இசையும் மறுநாள் ஜேர்மானிய இசையும் ஒலித்தன. பிரான்சிய இசை ஒலித்த நாட்களில் அந்நாட்டு முந்திரிகை மது 40 போத்தலும் ஜேர்மானியது 8 போத்தலும் விலைபோயின. ஜேர்மானிய இசை ஒலித்தபோது அந்நாட்டு மது 22 போத்தலும் பிரான்சியது 12 போத்தலும் விற்றன. வாங்கியோரை வினாவியபோது, இசை தம் தெரிவை மாற்றிற்று என்று ஒப்புக்கொண்டவர் மிகச் சிலரே. நடத்தையை மாற்றும் இசை, தான் மாற்றுவதைக் கேட்போனுக்குச் சொல்வதில்லை. கடையிலே இதனால் வரும் இழப்புச் சில ரூபா. வீதியிலே அங்ஙனமன்று; நம் நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் விபத்துக்களில் இறக்கின்றனர். இவ்விறப்புக்கள் இசையால் வந்தவை என்று சொல்லவரவில்லை. அத்தகைய வீதியிலே சாரதி அறியாமலே அவன் வேகத்தை மாற்றக்கூடியது எதுவாயினும் அதனை ஆராயாது விடுதல் தகாது என்பதே என் கருத்து.

வண்டியோட்டுதலையும் இசையையும் இணைத்து நெடுங்காலம் ஆராய்ந்தவர் இஸ்ரேலிலுள்ள பென்-கூரியன் பல்கலைக்கழகத்து வாரன் புறொட்ஸ்கி. வீதியைப் போலச் செய்து காட்டும் பொறியொன்றைக் கொண்டு அவர் நிகழ்த்தி 2002 இல் வெளியிட்ட சோதனையிலே, இசையின் விரைவு கூடக்கூட ஓட்டுவோரின் வேகமுங் கூடிற்று. சிவப்பு விளக்கைக் கடத்தல், ஒழுங்கையை மீறுதல், மோதுதல் ஆகிய பிழைகள் விரைந்த இசையின்போதே மிகுந்தன. அவரும் ஸ்லோர் என்பவரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இன்னுங் கருதத்தக்கது. புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞர் 85 பேர், பயிற்றுநர் அருகிலிருக்க, மெய்யான வீதியிலே ஆறுமுறை வண்டியோட்டினர். தாமே தேர்ந்த பாடல்களோடு ஓட்டியபோது, 98 சதவீதத்தினர் ஒரு பயணத்திலேனுஞ் சராசரி மூன்று குறைபாடுகளைக் காட்டினர். 32 சதவீதத்தினர்க்குப் பயிற்றுநர் திடீரென வாய்மொழி எச்சரிக்கை கொடுக்க நேர்ந்தது. 20 சதவீதத்தினரின் சுக்கானிலோ தடுப்பிலோ பயிற்றுநர் தாமே கைவைக்க நேர்ந்தது. இசையே இல்லாதபோதும் 92 சதவீதத்தினர் பிழை செய்தனர் என்பதையும் மறைக்கலாகாது. இளஞ்சாரதியின் குறை முழுவதையும் பாட்டின் தலையிற் சுமத்தல் நீதியன்று. ஆயின், அவ்வாய்விலே என்னைத் தடுத்து நிறுத்திய முடிபு வேறு. தமக்கு விருப்பமான பாடல்களைக் கேட்டபோதே அவ்விளைஞர் மிக்க மகிழ்ச்சியோடிருந்தனர். கடும்பிழைகளை மிகுதியாகச் செய்ததும் அப்போதுதான். மனநிலை உயர்ந்தது, செயல் தாழ்ந்தது. கட்டுரையின் தொடக்கத்திலே இரு கூற்றுக்களைப் பிரித்து வைத்தேனே, அவை இங்கே எதிரெதிராய் நிற்கின்றன.

மறுதலைச் சான்றுகளும் உள்ளன. அவற்றையுங் கூறுதல் திறனாய்வோன் கடன். ஒல்லாந்து நாட்டுக் குரோனிங்கன் பல்கலைக்கழகத்து உனல் முதலியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்விலே, இசை கேட்டோர்க்கு மனமுயற்சி கூடுதலாகத் தேவைப்பட்டதாயினும் ஓட்டுந்திறன் குறையவில்லை. அடுத்த ஆண்டு வெளியான ஆய்விலே, மாற்றமின்றிச் சலிப்பூட்டும் பாதையில் முன்செல்லும் வண்டியைத் தொடர்வோர், இசையோடு சற்று விரைவாகவே எதிர்வினை காட்டினர். இம்முடிபுகள் புறொட்ஸ்கியின் முடிபுகளோடு முரண்படுவதுபோலத் தோன்றினும், உண்மையில் முரண் இல்லை. சாரதியின் கவனத்திலே மிச்சம் இருக்கும்போது பாட்டு அம்மிச்சத்தை எடுத்துக்கொள்கிறது; சலிப்பும் நீங்குகிறது. வீதி முழுக் கவனத்தையும் வேண்டும்போது மிச்சம் இல்லை; பாட்டு எடுப்பது வீதிக்குரிய பங்கையேயாம். பயின்ற கைக்குத் தாங்கக்கூடிய பாரம் புதிய கைக்குத் தாங்காது. வெறுமையான நெடுஞ்சாலைக்கு ஏற்றது மக்கள் நெருங்கிய சந்திக்கு ஏலாது.

எஞ்சியிருப்பது பேருந்துச் சாரதியின் வாதம்: பாட்டு நின்றால் நித்திரை வரும். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்து றெயினரும் ஹோர்னும் 1998 இல் இதனையே ஆராய்ந்தனர். தூக்கக் கலக்கமுள்ள சாரதிக்குக் குளிர்காற்றும் வானொலியும் சிறிதளவே, அதுவும் சிறிதுநேரமே உதவுகின்றன என்பது அவர் கண்டது. வண்டியை நிறுத்தி இளைப்பாறத்தக்க இடத்தை அடையும்வரையே அவ்வுதவி போதும். அதற்கு முந்திய ஆண்டிலே அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, கோப்பியிலுள்ள சத்தும் கால்மணிக்குட்பட்ட சிறுதுயிலுஞ் சேர்ந்து தரும் பயன் பெரிதெனக் காட்டிற்று. ஆகவே, சாரதி மூதாட்டியாருக்குச் சொன்ன விடை பாட்டுக்குச் சார்பான வாதமன்று. தாம் வண்டியோட்டும் நிலையில் இல்லை என்ற வாக்குமூலம். அவருக்கு வேண்டியிருந்தது துள்ளிசையன்று. துயில், அல்லது இரண்டாவது சாரதி. இரவெல்லாம் ஒருவரே ஓட்டவேண்டியதாய் அமைந்த ஏற்பாட்டின் குறையைப் பாட்டினால் மூடியிருந்தார்கள். அக்குற்றம் அவர் ஒருவருடையதன்று என்பதையும் இங்குக் கூறுதல் முறை.

இவற்றால் நாம் பெறுவது என்ன? வீதியினின்று இசையை முற்றாக விலக்கவேண்டும் என்பது என் துணிபன்று. பிளேட்டோவைப்போல விலக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. இருப்பினும் அவ்வாறு செய்யேன். தாழ்ந்த ஒலியில் ஓடும் பழகிய மெல்லிசை நெடுவழிச் சலிப்பை ஆற்றுமாயின் அதனை யார் வெறுப்பார்? ஆயினும், இசையைத் தொழிலோடு சேர்ப்போர் ஒவ்வொருவரும் ஒரு வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்: இப்போது முன்செல்வது என் தொழிலா, பாட்டா? விரல் தாளமிடத் தொடங்கும்போது, கால் வேகமுடுக்கியை அறியாது அழுத்தும்போது, முன்செல்வது பாட்டு என்று அறிக. காதிலே ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு மோட்டார்ச் சைக்கிளேறும் நம் மாணவர், பின்வரும் வண்டியின் ஒலியைக் கேளாமல், தம் காதை முழுவதும் பாட்டுக்கு ஒப்புக்கொடுத்துவிடுகின்றனர். அவருக்கு இவ்வினா இன்னும் இன்றியமையாதது.

மற்றொன்று. இசையை எங்கும் எதற்கும் பின்னணியாக்குதல் வீதிக்கு மாத்திரமன்று, இசைக்கும் இழுக்காகும். ஏழிசையின் நுட்பங்களைப் பல்லாண்டு ஆராய்ந்து யாழ் நூலை 1947 இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகளார், தூக்கத்தை விரட்டும் ஒலியென்று இசையைக் கருதி அவ்வுழைப்பைச் செய்தாரல்லர். அது தன்னளவிலே கேட்கத்தக்கது என்பதனாலன்றோ செய்தார்! சுக்கானைப் பிடித்திருப்பவன் பாட்டை உண்மையாகக் கேட்டால் வீதியைக் கேளான். வீதியைக் கேட்டால் பாட்டைக் கேளான். இரண்டையும் அரைகுறையாய்க் கேட்பதிலே இரண்டுக்கும் நட்டமே. கொடிச்சியின் பாட்டைக் கேட்ட யானை தினையை விட்டுவிட்டுக் கேட்டது. அதுவன்றோ கேள்வி!

அன்று அப்பேருந்திலே எனக்குத் தோன்றாத மறுமொழி இன்று தோன்றுகின்றது. இனியொருமுறை ஒரு மூதாட்டியார் அவ்வாறு வேண்ட, ஒரு சாரதி அவ்வாறு விடையிறுப்பாராயின், "தம்பி, அப்படியென்றால் வண்டியை ஓரமாய் நிப்பாட்டிக் கொஞ்ச நேரம் கண்ணயருங்கோ, நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லத் துணிவேன். வண்டியிலுள்ள மற்றையோரும் அவ்வாறு சொல்லத் துணிவார்களாக. சிறிது காலந்தாழ்த்துக் கொழும்பைச் சேர்தலால் ஒருவர்க்குங் கேடில்லை. அவ்வோய்வு நேரத்திலே, வண்டி நின்ற இடத்தில், விரும்புவோர் ஒரு நல்ல பாட்டைக் கேட்கவுங்கூடும்.